களவுப் பொருளும் கையுடைமையும்

களவு மறைவில் நிகழ்வது. அதனைக் கண்ணாற் கண்டு சான்று பகர்வார் அரியர். ஆதலால், களவுபோன பொருள் எவர் கையிற் காணப்பட்டது என்னும் வினாவே தொன்றுதொட்டு நீதிமன்றங்களுக்குக் கைவிளக்காயிற்று. அவ்விளக்கு கள்வனைக் காட்டியதும் உண்டு. குற்றமற்றவனைக் கொலைக்களத்துக்கு இட்டுச் சென்றதும் உண்டு.

1066இல் நோர்மானியர் வருமுன், ஆங்கில நாட்டிலே துரத்திச் சென்றோர் ஒருவனைக் களவுப் பொருளுங் கையுமாய்ப் பிடிப்பின், அவன் மறுப்புக்குச் செவிசாய்ப்பார் இலர். பொருள் பின்னொருநாள் அகப்படின், தனக்கு அதனை விற்றவனை மன்றிலே கொணர்ந்து நிறுத்தி அவன் பழியினின்று நீங்கலாம். விற்றலும் வாங்கலும் சாட்சிகள் முன்னிலையில் நிகழ்தல் வேண்டுமென அக்கால அரசர் விதித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பின்னர்த் தலைமை நீதியரசராய் விளங்கிய சேர் மத்தியூ ஹேல் (1609–1676), தாம் மறைந்து அறுபது ஆண்டுகளின் பின் 1736இல் அச்சேறிய நூலிலே ஒரு வழக்கைக் குறித்துள்ளார். களவுபோன குதிரையுடன் ஒருவன் அன்றே பிடிபட்டான். ஒக்ஸ்போட் நகரில், கல்வியும் எச்சரிக்கையும் மிக்க நீதிபதி முன்னிலையில் அவன் குற்றவாளியெனக் காணப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான். சின்னாளில் வேறொரு குற்றத்துக்காக மரணதண்டனை பெற்றவன், அக்குதிரையைத் திருடியவன் தானே என ஒப்புக்கொண்டான். துரத்துவோர் நெருங்கவே, வழியிற் கண்ட அந்நியனிடம், தான் ஒதுங்கி வருமளவும் குதிரையை நடத்திக்கொண்டிருக்குமாறு வேண்டி, அவன் ஓடி மறைந்தானாம். பிறர்க்கு உதவியவன் உயிரிழந்தான். கையுடைமை வலிய ஐயத்தைத் தருமேயன்றி முடிந்த முடிபைத் தராது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

சிலப்பதிகாரம் கற்றோர் இன்னொன்றையும் உணர்வர். கோவலன் கையில் இருந்த சிலம்பு களவுபோன சிலம்பே அன்று. பாண்டிமாதேவியின் சிலம்பிலே முத்தும், கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கமும் இருந்தன. அவ்வொரு சோதனை முன்னரே நிகழ்ந்திருப்பின் கொலை நிகழ்ந்திராது. ஆகவே, அகப்பட்ட பொருள் களவுபோன பொருளே என நிறுவுதல் முதற்படியாகும்.

இவ்வனுபவங்களின் சாரத்தை, ஸ்ரீபன் என்னும் சட்ட அறிஞர் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்திற் காணலாம். அதனைத் தழுவியெழுந்ததே 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க இலங்கைச் சான்றுக் கட்டளைச்சட்டம். களவு நிகழ்ந்து சிறிது காலத்துள் அப்பொருளை வைத்திருப்பவன், அது தன்னிடம் வந்தவாற்றை விளக்காவிடின், அவன் கள்வன் அல்லது களவென அறிந்தே பெற்றவன் என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது அதன் 114ஆம் பிரிவில் வரும் உதாரணம். 'ஊகிக்கலாம்' என்றதேயன்றி 'ஊகித்தல் வேண்டும்' என்றிலது. நாள்தோறும் பலரிடம் உரூபா பெறும் கடைக்காரனது பெட்டியில் களவுபோன அடையாளமிட்ட உரூபா ஒன்று காணப்படின், அது எவரிடமிருந்து வந்ததென அவனால் உரைக்க இயலாமையும் கருதப்படல் வேண்டுமென அப்பிரிவே எச்சரிக்கின்றது. கைம்மாறிச் செல்லும் இயல்புள்ள பொருளாயின், நாட்கள் செல்லச்செல்ல ஊகமும் வலிகுன்றும்.

1914இல் ஆங்கிலக் குற்றவியல் மேன்முறையீட்டு மன்றம், இத்தகைய வழக்கொன்றில் மேலுமொரு தெளிவு தந்தது. எதிரி கூறும் விளக்கம் உண்மையென மெய்ப்பிக்கப்படல் வேண்டியதில்லை. நியாயமாக உண்மையாயிருத்தல் கூடுமெனில் அதுவே அவன் விடுதலைக்குப் போதும். ஏனெனில் குற்றத்தை நிறுவும் பாரம் இறுதிவரை வழக்குத்தொடுநரையே சாரும். ஒக்ஸ்போட்டில் மாண்டவனுக்குக் கிட்டாத நீதி, பின்வந்தோர்க்கு விதியாய் அமைந்தவாறு இது.