மந்த மகுடக்காரரின் காது: தாமிரபரணிப் படுகையின் கொடை இசையும் செவிப் பாதுகாப்பும்

நாட்டார் தெய்வக் கோயில்களில் நடக்கும் கொடை விழாவின் சத்தத்தைப் பற்றி நம் சட்டம் பேசாமலில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம். 2005இல் உச்ச நீதிமன்றம் இரவுத் தடையை வலியுறுத்தியது. விழாக்காலத் தளர்வையும் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. விதி எழுதியவரும் தீர்ப்பு சொன்னவரும் மனத்தில் வைத்திருந்தது தூக்கம் கெட்டவரின் காதை, படிக்கும் பிள்ளையின் காதை, நோயாளியின் காதை. அது நியாயமே. ஆனால் அந்தச் சத்தத்துக்கு மிக அருகில், மிக நீண்ட நேரம், ஆண்டுதோறும் நிற்கும் ஒரு காது உண்டு. அது வாசிப்பவரின் காது. சுடலைமாடன் கோயில் முற்றத்தில் மதியக் கொடைக்கும் சாமக் கொடைக்கும் நிற்கும் கலைஞரை இந்த விதிகள் சத்தம் எழுப்புபவராக மட்டுமே அறிந்திருக்கின்றன. சத்தத்துக்கு ஆளாகிறவராக அறியவில்லை. அக்கலைஞருள்ளும் தாழ்சுருதியைத் தாங்குபவரின் நிலை தனித்தது. தம் காதுக்கு ஆபத்தில்லை என்று நம்ப அவருக்கே கூடுதல் காரணம் இருக்கிறது. காதடைப்பான் அணிந்தால் குறைந்த இழப்பும் நிறைந்த பயனும் பெறக்கூடியவரும் அவரே. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

தாழ்சுருதிக்காரர் என்றால் யார்? மேலை இசைக்குழுவில் பேஸ் கிட்டார்காரர். நெல்லைச் சீமையில் அந்த வேலையை அவருக்கு வெகுகாலம் முன்பே பலர் செய்துவந்திருக்கிறார்கள். கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோல்கருவி இரண்டு: ஒன்று உச்சம், மற்றது மந்தம். உச்சம் துள்ளிப் பேச, மந்தம் அதற்குத் தரை போட்டுக் கொடுக்கும். வில்லுப்பாட்டில் குடம், அதன் வாயில் பத்தி என்னும் மட்டையால் அறையும்போது எழும் கும்மென்ற ஒலிதான் உடுக்கையும் தாளமும் கட்டையும் ஏறி நடக்கும் பாதை. மேளத்தில் தவிலின் இடந்தலை, குச்சியால் அடிக்கப்படும் தொப்பி. கோயில் கொடையின் மெல்லிசைக் கச்சேரி மேடையில் பேஸ் கிட்டாரும். கருவிகள் வேறு, சமூகங்கள் வேறு, கூலி வேறு. ஆனால் ஒலியியல் நோக்கில் இவர்கள் நால்வரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: கூட்டத்துக்கு உடம்பில் உறைக்கும் ஒலியைத் தருகிறார்கள்; தங்கள் காதுக்கோ அண்டை வீட்டுக்காரரின் ஒலியையே பெரிதும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதை விளக்கச் செவியின் இயல்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மனிதக் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் கேட்பதில்லை. ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வரைந்த சம உரப்பு வளைகோடுகள் காட்டுவதுபோல, தாழ்ந்த அதிர்வெண் நமக்குக் கேட்க மிகுந்த ஆற்றல் வேண்டும். இரைச்சல் அளக்கும் கருவியின் 'ஏ' அளவுகோலும் இதையே பின்பற்றி 100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 30 டெசிபலையும் கழித்துவிடுகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆகவே தாழ்சுருதி காதைக் குறைவாகவே கெடுக்கும் என்னும் தொழில்முறை நம்பிக்கையில் பாதி உண்மை. எஞ்சிய பாதிதான் ஆபத்து. இரைச்சலால் வரும் செவிக்குறை முதலில் விழும் இடம் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. செவிச்சோதனைப் படத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாக அது தெரியும். நாகசுரத்தின் கூர்மையும் தாளத்தின் உலோகக் கிணுகிணுப்பும் டிரம்ஸ் செட்டின் சிம்பலும் கொட்டுவது அந்தப் பகுதியில்தான். மந்த மகுடக்காரர் தம் மகுடத்தால் செவிடாவதில்லை. தம்மருகே நிற்பவரின் கருவியால் ஆகிறார். தம் அடி தமக்கே கேட்கவில்லை என்று இன்னும் ஓங்கி அறைகிறார். பேஸ் கிட்டார்காரர் குமிழைத் திருகுகிறார். மற்றவர் ஈடுகொடுக்க ஏறுகிறார். ஒரு மணி நேரத்தில் மேடை முழுவதும் ஒரு படி மேலே போய்விடுகிறது. இதில் யார்மீதும் குற்றமில்லை. செவியின் அமைப்பே அவர்களை அங்கே தள்ளுகிறது.

ஒலிபெருக்கி வந்தபின் இந்தச் சமநிலை மேலும் குலைந்தது. கோயில் கொடி மரத்திலும் பனையிலும் கட்டப்படும் கூம்புக் குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. குடத்தின் கும்மென்ற அடிவயிறு அதில் போய்ச் சேராது. பத்தி படும் தட்டொலி மட்டும் போகும். காது மிக எளிதில் காயப்படும் நடுமேல் சுருதிகளையோ அது தாராளமாக வாரி இறைக்கும். தாழ்சுருதிக் கலைஞர் தம் பங்கை இழந்து, தமக்குத் தீங்கான பங்கைப் பெறுகிறார். இப்போது பெட்டி ஒலிபெருக்கிகள் வந்து மந்தத்தை மீட்டுவிட்டன. ஆனால் அவற்றை மேடைக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ நிறுத்தும் பழக்கம் கலைஞரையே முதல் கேட்பாளராக்கிவிடுகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பெட்டியை இரண்டு கஜம் முன்னே நகர்த்துவது ஒரு ரூபாய்ச் செலவில்லாத மருத்துவம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலைகளுக்கான நம் விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பிட்டு, ஒவ்வொரு 5 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாக்குகின்றன. அதன்படி 100 டெசிபலில் 2 மணி நேரம் நிற்கலாம். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1998இல் பரிந்துரைத்த கணக்கு 85இல் தொடங்கி 3 டெசிபலுக்கு ஒருமுறை பாதியாக்குகிறது. அதன்படி அதே 100 டெசிபலில் 15 நிமிடமே. எதை ஏற்றாலும் இரவெல்லாம் நீளும் சாமக் கொடை அதற்குள் அடங்குமா என்பது கேட்கத் தக்கது. அதைவிட முக்கியம், இவ்வரம்புகள் எல்லாம் வேலை முடிந்தபின் காதுக்கு நெடுநேர அமைதி கிடைக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் கொடை, வெள்ளியன்று அடுத்த ஊர் என்று ஓடும் குழுவுக்கு அந்த அமைதி எங்கே? பேருந்திலும் வேனிலும்தான் தூக்கம்.

இங்கே எழும் முதல் மறுப்பு அனுபவத்தின் பேரால் வருவது: விடிந்தால் காதிரைச்சல் அடங்கிவிடுகிறது, ஐம்பது ஆண்டு தவில் வாசித்த பெரியவர்கள் நன்றாகத்தானே கேட்டார்கள்? இது அலட்சியமாகத் தள்ளக்கூடிய மறுப்பன்று. ஆயினும் விடிந்ததும் திரும்புவது மெல்லிய ஒலியைக் கேட்கும் எல்லை மட்டுமே. குஜாவா, லிபர்மன் இருவரும் 2009இல் எலிகளிடம் கண்டது, அந்த எல்லை முழுதும் மீண்ட பிறகும் செவி நரம்பின் இணைப்புகளில் பெரும்பகுதி அழிந்திருந்தது என்பதே. மனிதரிடம் இதன் அளவு பற்றி விவாதம் தொடர்கிறது; எனினும் 'காலையில் சரியாகிவிட்டது' என்பதை நலத்தின் சான்றாக இனிக் கொள்ள இயலாது. பெரியவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் ஒலிபெருக்கியில்லாத வெளியில் வளர்ந்த காதுகளோடு வாசித்தவர்கள். அன்று தவிலில் தோல்வார் இருந்தது, இன்று எஃகு வளையமும் திருகும் தோலை முறுக்கிப் பிடிக்கின்றன. கேட்கும் திறன் குறைந்ததும் மேளத்தை விட்டு விலகியவர்கள் நம் நினைவில் பெரியவர்களாக நிலைப்பதுமில்லை. ஜெர்மனியில் சுமார் 30 லட்சம் பணியாளரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அவர்களுள் இருந்த 2,227 தொழில்முறை இசைக்கலைஞருக்கு இரைச்சல்வழிச் செவிக்குறை வரும் வாய்ப்பு மற்றவரைவிட மூன்றரை மடங்குக்கு மேல் என்று கண்டது. அங்கே அரங்கமும் ஓய்வுநாளும் காப்பீடும் உண்டு என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் மறுப்பு கலையின் பேரால் வருவது, எடை மிக்கது. கொடையில் சத்தம் அலங்காரமன்று; மகுடம் உச்சத்துக்கு ஏறாமல் சாமி இறங்காது; காதை அடைத்துக்கொண்டு வாசிப்பவர் லயத்தையும் அருளையும் இழப்பார் என்பார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்வது என் வாதமன்று. முற்றத்தின் ஒலி அப்படியே இருக்கட்டும். வாசிப்பவரின் செவிப்பறைக்குப் போகும் ஒலி மட்டும் குறையட்டும். அது இயலுமா? தாழ்சுருதிக்காரரின் தனிவசதி இங்கேதான் தெரிகிறது. காதை அடைத்தால் தன் குரலும் எலும்பு வழியாக வரும் அதிர்வும் தலைக்குள் முழங்கும். பாடுகிற அண்ணாவிக்கும் சீவாளியை உதட்டில் பற்றிய நாகசுரக்காரருக்கும் அது பெரும் இடையூறு. மகுடக்காரருக்கோ தவில்காரருக்கோ அப்படியில்லை. மகுடம் மார்போடு அணைத்துப் பிடிக்கப்படுகிறது, தவில் தோளில் தொங்கி வயிற்றில் சாய்கிறது, குடத்தின்மேல் வில்லே ஏறியிருக்கிறது, பேஸ் கிட்டாரின் உடல் விலாவில் அதிர்கிறது. தம் அடியை அவர் உடம்பாலேயே கேட்கிறார். சாதாரண நுரைச் செருகி கூர்சுருதியை மிகுதியாகவும் மந்தத்தைக் குறைவாகவும் தடுக்கிறது. பாடகருக்கு அது குறை, மந்த மகுடக்காரருக்கு அதுவே ஏறக்குறைய வேண்டியது. எல்லாச் சுருதியையும் ஒப்பக் குறைக்கும் இசைக்கலைஞர் செருகிகளும் 1980களின் இறுதி முதல் கிடைக்கின்றன. காதில் பஞ்சு வைக்கும் வழக்கம் மட்டும் போதாது. பஞ்சு தடுப்பது சொற்பம்.

மரபு மாறாதது என்பதும் சரியன்று. திமிரி நாயனத்தின் உயர்ந்த சுருதியை விட்டு நீண்ட, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாயனத்துக்கு நாகசுர உலகம் மாறியது சென்ற நூற்றாண்டில்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதை நிலைநாட்டினார். தாமிரபரணிப் படுகையின் காருகுறிச்சியில் பிறந்து அவரிடம் பயின்ற அருணாசலம் அந்த நாயனத்தில்தான் உலகறிந்த ஓசையை எழுப்பினார். சுருதியே இறங்கியபோது இசை சாகவில்லை. லண்டனின் ராயல் ஆப்பெரா அரங்கில் 2012இல் வாக்னர் ஒத்திகையின்போது பின்வரிசைப் பித்தளைக் கருவிகளின் ஒலியால் செவி கெட்ட வயோலாக் கலைஞர் கோல்ட்ஷைடர் தொடுத்த வழக்கிலும் இதே வாதம்தான் எழுந்தது: சத்தம் எங்கள் தொழிலின் கழிவன்று, விளைபொருள். 2018இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2019இல் மேல்முறையீட்டிலும் அரங்கத்தின் பொறுப்பு நிலைத்தது. காதுச் செருகியைக் கையில் கொடுத்ததோடு கடமை தீரவில்லை, இருக்கைகளின் அமைப்பையும் சிந்தித்திருக்க வேண்டும் என்பது அவ்வழக்கிலிருந்து நமக்குப் பயன்படும் பாடம். அங்கும் காயப்பட்டவர் உரத்த கருவிக்காரரல்லர், அவருக்கு முன்னால் உட்கார்ந்தவர்.

ஆனால் அந்தக் கலைஞருக்கு முதலாளி இருந்தார். நம் சட்டத்திலும் இரைச்சலால் வரும் செவிக்குறை தொழில்நோயே. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் அதைப் பட்டியலிட்டன. கணியான் கூத்துக் குழுவுக்கு முதலாளி யார்? வரி பிரித்த ஊரா, அச்சாரம் கொடுத்த விழாக் குழுவா, குழுவை அழைத்துவந்த அண்ணாவியா, மைக் செட்காரரா? பொறுப்பு நான்கு பேரிடம் பிரிந்து ஒருவரிடமும் நிற்காமல் போகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ பேச்சுக்குரிய அதிர்வெண்களில் இரு காதிலும் 60 டெசிபல் இழந்த பின்னரே ஒருவரைச் செவிக்குறையுடையவராக எண்ணத் தொடங்குகிறது. 4,000 ஹெர்ட்ஸ் பள்ளம் மட்டும் இருந்தால் அது அந்த எல்லையை எட்டாது. பக்கத்திலிருப்பவரின் தாளத்தைப் பிரித்துக் கேட்கும் நுட்பம் போய், பிழைப்பே ஆட்டம்கண்ட பின்னும் அவர் சட்டத்தின் கண்ணில் முழுச் செவியுடையவர்.

ஏழைக் கலைஞர் எப்படி நிபந்தனை விதிப்பார் என்பார்கள். தனியாக விதிக்க முடியாது. அடுத்த குழு காத்திருக்கிறது. அதனால்தான் இது அச்சாரச் சீட்டின் அச்சிட்ட வரியாக வர வேண்டும்: பெட்டிகள் வாசிப்பவருக்கு முன்னால் நிற்கும், கூம்புக் குழாய் மேடையை நோக்கித் திரும்பாது, ஒன்றரை மணிக்கொருமுறை சத்தமில்லாத இடத்தில் இடைவேளை, ஆளுக்கு ஒரு சோடி செருகி. ஒலிபெருக்கிக்கு அனுமதி தரும் காவல் நிலையமே இவற்றையும் நிபந்தனையாக்கலாம். புதிய சட்டம் வேண்டாம். தமிழ்நாட்டு நல வாரியங்களின் உதவிகளில் மூக்குக் கண்ணாடிக்கு இடமிருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் அதே முறையில் காதுச் செருகியையும் செவிச்சோதனையையும் சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் தெரியவில்லை. சோதனைக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை: 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிறது. அதே ஊரில் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இக்கலைஞர்களோடு பல்லாண்டு பழகியது. பாட்டையும் சடங்கையும் பதிவுசெய்த அந்த அக்கறையோடு செவியையும் பதிவுசெய்ய இரு நிறுவனங்களும் கைகோக்கலாம். காலம் மார்கழியாக இருக்கட்டும். கொடைகள் அரிதான அம்மாதத்தில் காது ஓய்ந்திருக்கும். அப்போது எடுக்கும் அளவே மெய்யளவு. முதலில் சோதிக்க வேண்டியவர்கள் பெரியவர்களல்லர், அடுத்த பங்குனியில் முதன்முறையாக மந்த மகுடத்தைக் கையில் வாங்கப் போகும் பையன்கள்.