சீனக்குடா வானூர்தித் தளம்

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியுள்ள இராணுவ வானூர்தித் தளம். பிரித்தானிய அரச வான்படை அமைத்த இத்தளம், சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் வீழ்ந்தபின் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் காவலரணானது. 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன் போர்விமானங்கள் அவ்வாண்டு மார்ச்சில் இங்கு வந்தன.

1942 ஏப்ரல் 9 காலையில், அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் தளத்தையும் தாக்கின. ராடார் முன்னெச்சரிக்கையால் ஹரிக்கேன்களும் கடற்படையின் ஃபுல்மார் போர்விமானங்களும் முன்பே எழும்பின. ஆயினும் எட்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. துறைமுகத்திலிருந்து முன்னிரவே வெளியேறிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதைக் காக்கப் போர்விமானங்கள் உரிய நேரத்தில் சென்று சேராதது பாதுகாப்பு ஏற்பாட்டின் பெருங்குறை.

அதே ஆண்டு ஆகஸ்டில் டச்சு 321ஆம் படைப்பிரிவின் கட்டலினா கடல்விமானங்கள் ரோந்துப்பணி தொடங்கின. பின்னர் அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்காக ஓடுபாதை சுமார் 7,200 அடியாக நீட்டப்பட்டது. 1944 ஆகஸ்ட் 10 அன்று 54 பி-29கள் இங்கிருந்து புறப்பட்டன; அவற்றுள் ஒரு பகுதி சுமாத்திராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையைத் தாக்கியது. வேறு சில அங்குள்ள மூசி ஆற்றில் கண்ணிவெடிகள் இட்டன. போய்வரும் தொலைவு 3,800 மைலுக்கு மேல். இரண்டாம் உலகப் போரின் மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களில் இதுவும் ஒன்று, பயன் சிறிதே.

1957இல் பிரித்தானியத் தளங்கள் இலங்கை வசமாயின. இலங்கை வான்படைக் கல்விக்கழகம் இன்று இங்கு இயங்குகிறது.