ரெஸ்டாரண்ட் என்றொரு சூப்

ரெஸ்டாரண்டுக்கு இன்று நாம் போகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ்காரர்கள் அதைக் குடித்தார்கள். பிரெஞ்சில் 'ரெஸ்தோரே' என்றால் போனதை மீட்டுத் தருதல், மூலம் லத்தீன். அதில் பிறந்த 'ரெஸ்தோரான்', தளர்ந்த உடம்பைத் தேற்றும் எந்த உணவுக்கும் பெயராக இருந்து, நாளடைவில் கெட்டியான இறைச்சிச் சாறு ஒன்றுக்கே உரியதாயிற்று.

தொடக்கத்தில் அது அரண்மனைச் சரக்கு. சவோய் கோமகனின் சமையற்காரர் ஷிக்கார் 1420இல் ஒரு செய்முறை தந்திருக்கிறார். காயடித்த சேவலைக் கண்ணாடிக் குடுவையில் இடவேண்டும். பொற்காசுகளையும் ரத்தினங்களையும் துணியில் முடிந்து உடன் போடவேண்டும். வாயை இறுக மூடி, கொதிக்கும் நீருக்குள் நிறுத்தவேண்டும். 1739இல் பிரான்ஸுவா மாரன் எழுதிய சமையல் நூலில் பொன்னும் மணியும் இல்லை. கன்றுக்குட்டி இறைச்சி, பன்றித்தொடை, அப்போதுதான் அறுத்த கோழி, வெங்காயம் போன்றவைதான். முதலில் தண்ணீர் விடாமல், மூடிய பாத்திரத்தில் இளந்தீயில் இறைச்சியைத் தன் சாற்றிலேயே வேகவிடுவதுதான் பக்குவம். இறைச்சியின் சத்தைச் சமையலறையே பிழிந்து கொடுத்துவிடுவதால், நலிந்த வயிற்றுக்கு வேலை மிச்சம் என்பது அக்காலக் கணக்கு.

குடித்தவர்கள் யார்? 'நெஞ்சு பலவீனம்' என்று சொல்லிக்கொண்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தவர்கள். நரம்பு தளர்ந்து சோர்ந்தவர்கள். படித்துப் படித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட அறிவாளிகள். இந்தக் கடைசி வகையினரின் உடல்நலத்துக்கென்றே சுவிஸ் மருத்துவர் திஸ்ஸோ 1768இல் தனி நூல் வெளியிட்டார். உழைப்பாளிக்குப் பசிதான் நோய், மேல்தட்டுக்காரருக்கோ பசியின்மை. மெல்லிய நரம்பு உடையவர் என்று பெயர் எடுப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இத்தகையவர்களுக்குப் பாரிஸின் சாப்பாட்டு விடுதிகள் ஒத்துவரவில்லை. அங்கே குறித்த நேரத்தில் போகவேண்டும், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே நீள மேசையில் உட்காரவேண்டும், வைத்ததைத் தின்னவேண்டும். யார் கை முந்துகிறதோ அவருக்கே நல்ல துண்டு. 1766 வாக்கில் ரோஸ் த ஷாந்துவாசோ என்பவர் இந்தச் சாற்றையே சரக்காக வைத்து ஒரு கடை திறந்தார். பூலான்ஜே என்ற ஒருவர்தான் முன்னோடி என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லி, 2000இல் ரோஸை முன்னிறுத்தியவர் வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங்.

அந்தக் கடைகளுக்கு 'உடல்நல இல்லம்' என்றும் பெயர். நடத்துபவர் 'ரெஸ்தோராத்தேர்', அதாவது தேற்றுபவர். நோயாளிக்கு வேளை கிடையாது. ஆகவே எந்த நேரமும் பரிமாறினார்கள். நோயாளிக்குக் கூட்டம் ஆகாது. ஆகவே தனி மேசை. ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒவ்வொன்று ஒத்துக்கொள்ளும். ஆகவே கேட்டதைக் கேட்ட அளவில் கொடுத்து, அதற்கு மட்டும் காசு வாங்கினார்கள். 1767இல் அப்படியொரு கடையில் சாப்பிட்ட தத்துவஞானி தீதரோ, உணவு நன்றாக இருந்தது, விலைதான் அதிகம் என்று கடிதம் எழுதினார்.

சுகமில்லாதவருக்காகச் செய்த இந்த ஏற்பாடு சுகமாக இருப்பவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. சாறோடு முட்டை, கோழி என்று பட்டியல் நீண்டது. 1780களில் போவிலியே போன்ற கடைக்காரர்கள் முழு விருந்தையே பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். சூப்பின் பெயர் கடையின் பெயராகிவிட்டது. ஆங்கிலம் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டபோது, அது இடத்தையே குறித்தது.

சாற்றின் சத்து பற்றிய நம்பிக்கைக்கும் பிறகு அடி விழுந்தது. 1841இல் உடலியலாளர் மஜாந்தி தலைமையிலான குழு, ஜெலட்டின் மட்டும் கொடுத்து நாய்களை உயிர்வாழ வைக்க முடியாது என்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிக்கை வைத்தது. வற்றக் காய்ச்சிய சாற்றுக்குக் கெட்டித்தன்மை தருவது அந்த ஜெலட்டின்தான். அந்த அறிக்கையால் எந்த ரெஸ்டாரண்டும் மூடப்படவில்லை. மருந்து தேடி அங்கே போவதைப் பாரிஸ்காரர்கள் எப்போதோ விட்டிருந்தார்கள். தனி மேசையும் விலைப்பட்டியலும் மட்டும் நிலைத்தன.