கர்ப்பிணிகளுக்கு மைக்ரேன் வந்தால் வழக்கமான மாத்திரையைப் போடலாமா?

ஆபீஸ் பையில் எப்போதும் இருக்கும் அந்தத் தலைவலி மாத்திரையை, கர்ப்பம் உறுதியான பிறகும் போடலாமா? அட்டையின் பின்பக்கம் என்ன மருந்து என்று எழுதியிருக்கிறது, அதில்தான் பதில் இருக்கிறது.

எது ஓகே, எது கூடாது?

கர்ப்ப காலத்தில் முதல் தேர்வு பாராசிட்டமால்தான். எர்கோட்டமைன் கலந்த மாத்திரைகள் கருப்பையைச் சுருங்கச் செய்யும், அறவே கூடாது. ஐபுப்ரோஃபென் 20 வாரங்களுக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தலைவலி வராமல் தடுக்கத் தரப்படும் வால்ப்ரோயேட், டோபிராமேட் ஆகியவை பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

பால் கொடுக்கும்போது?

ஈஸ்ட்ரோஜன் சீராக இருப்பதால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் பலருக்கும் வலி குறையும். பிரசவத்துக்குப் பின் அது சட்டென இறங்கும், தூக்கமும் கெடும், வலி திரும்பும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், சுமட்ரிப்டான் ஆகியவை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்பிரின், எர்கோட்டமைன் வேண்டாம்.

எப்போது உடனே ஆஸ்பத்திரி?

20 வாரங்களுக்குப் பிறகோ, பிரசவமான முதல் 6 வாரங்களிலோ கடும் தலைவலியுடன் பார்வை மங்கினால், மேல்வயிறு வலித்தால், முகம் வீங்கினால், ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால், அது ப்ரீஎக்ளாம்ப்சியாவாக இருக்கலாம். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. "எப்பவும் வர்ற தலைவலிதானே" என்று படுத்துவிடாதீர்கள்.