ஒரே மாத்திரை, இரண்டு பெயர்கள்



ஈப்போவைத் தாண்டிச் சிறிது தொலைவில் உள்ள தஞ்சோங் ரம்புத்தான், பேராக் தமிழர்களிடையே வெறும் ஊர்ப்பெயராக வழங்கவில்லை, வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. ஆங்கிலேயர் 1911ஆம் ஆண்டில் அங்கே மனநோயாளிகளுக்கான பெரும் மருத்துவமனையைத் திறந்தனர். தோட்டப்புறங்களிலிருந்து நம்மவர் பலரும் அங்கு அனுப்பப்பட்டனர். 1971இல் அதற்கு 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்னும் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் பத்து காஜாவில் நான்காம் ஆண்டு மாணவன் தன் தோழனைத் திட்டுவதற்கு இன்றும் அந்த ஊரைத்தான் துணைக்கு அழைக்கிறான். அவன் அதைப் பள்ளியில் கற்கவில்லை என்பதை மட்டும் பணிவுடன் சொல்லி வைக்கிறேன்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு தந்தையாரின் கேள்வி. புகைப்பழக்கத்தை விட்டுவிட நெடுநாளாக முயன்று வருபவர் அவர். அதற்கென ஒரு மாத்திரை உண்டு என்று இணையத்தில் படித்திருக்கிறார். பிறகு என்னிடம், "சார், அது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மருந்தாமே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிட்டார். நான் மருத்துவன் அல்லன், வரலாறு படிப்பவன். ஆகவே அம்மாத்திரையின் வரலாற்றை மட்டும் இங்குச் சொல்கிறேன்.

மனச்சோர்வுக்கு மருந்து உண்டு என்பதே 1950களில்தான் உலகுக்குத் தெரிய வந்தது. அதுவும் பெரும்பாலும் தற்செயலாக நேர்ந்தது. 1952இல் நியூயார்க் நகரத்தின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். படுக்கையில் துவண்டு கிடந்தவர்கள் எழுந்து உலாவினர், உணவு கேட்டனர், சிலர் ஆடிப் பாடினர் என்று அக்கால நாளிதழ்கள் படத்துடன் எழுதின. நுரையீரலுக்கு என்று கொடுத்தது மனத்தைத் தொட்டுவிட்டது. பின்னர் மருத்துவர் நேதன் கிளைன் அதனை மனச்சோர்வுக்கே கொடுத்து 1957இல் முடிவுகளை அறிவித்தார். கல்லீரலைக் கெடுத்ததால் சில ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அம்மருந்து நீங்கியது. அதே 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் என்பவர் இமிப்ரமின் என்னும் மருந்தைப் பற்றி எழுதினார். அவரிடம் அது வேறொரு மனநோய்க்கான சோதனை மருந்தாகவே வந்து சேர்ந்தது. அந்நோய்க்கு உதவாத மருந்து, சோர்ந்து கிடந்தவர்களை எழுப்பியது.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. சர்ப்பகந்தி வேரை வட இந்தியக் கிராமத்தார் மனக் கொந்தளிப்புக்குக் கொடுத்து வந்தனர். கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் 1931இல் அதனைக் குறித்து ஆய்வு வெளியிட்டனர். அவ்வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு, இரத்த அழுத்த மருந்தாக உலகெங்கும் பரவியது. அதை உட்கொண்டோரில் சிலருக்கு மனம் இருண்டது என்று மருத்துவர்கள் எழுதினர். மூளையில் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்களை ரெசர்பின் குறைக்கிறது என்பதும் தெரிய வந்தது. மனச்சோர்வுக்குப் பின்னால் மூளையின் வேதியியல் இருக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது இப்படித்தான். ரெசர்பினுக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பைப் பிற்கால ஆய்வாளர்கள் அவ்வளவு உறுதியாக ஏற்பதில்லை. ஆயினும் 'விதி', 'செய்வினை', 'சோம்பல்' என்று பேசிக்கொண்டிருந்த ஒன்றை மருத்துவத்தின் பக்கம் திருப்பிய செய்திகளுள் அதுவும் ஒன்று.

இனி, அந்தத் தந்தையார் படித்த மாத்திரைக்கு வருவோம். அதன் பெயர் புப்ரோப்பியன். 1969இல் அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் பணியாற்றிய நரிமன் மேத்தா என்னும் வேதியியலாளர் உருவாக்கியது. 1985 டிசம்பரில் வெல்புட்ரின் என்னும் பெயரில் மனச்சோர்வு மருந்தாக அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டே அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. உணவுப்பழக்கக் கோளாறு உடையவர்களிடம் நடத்திய சோதனையில் சிலருக்கு வலிப்பு வந்ததே காரணம். மிகுதியான அளவுதான் ஆபத்து என்று கண்டு, உச்ச அளவைக் குறைத்து, 1989இல் மீண்டும் வெளியிட்டனர்.

இதற்கிடையே வேறொரு செய்தியும் வெளிவந்திருந்தது. 1988இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிளாஸ்மன் குழுவினர் புகையை விட முயன்ற கடும் புகைப்பாளர்களை ஆராய்ந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்வில் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அத்தகையோர்க்கு விடுவதும் கடினமாக இருந்தது. நிக்கோட்டின் மூளையில் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. புகையை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, மனத்தாழ்வு ஆகியவை வருகின்றன. "சிகரெட்டை விட்டால் மனிதன் மாறிப்போகிறார், திரும்பப் பிடிக்கட்டும்" என்று சில இல்லத்தரசியர் சலித்துக்கொள்வதை நாம் கேட்டதுண்டு. அவர்கள் கண்டது உண்மையான ஒன்றுதான்.

கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில், முன்னாள் போர்வீரர்களுக்கான மருத்துவமனையில் பணிபுரிந்தார் மருத்துவர் லிண்டா ஃபெரி. டோப்பமினைத் தொடும் சோர்வு மருந்து புகைப்பாளர்க்கும் உதவக்கூடும் என்று கருதி, 1990களின் தொடக்கத்தில் சிறிய சோதனைகளில் புப்ரோப்பியனைக் கொடுத்துப் பார்த்தார். பலன் தெரிந்தது. பின்னர் 615 புகைப்பாளர்களிடம் பெரிய ஆய்வு ஒன்று நடைபெற்று 1997இல் வெளியானது. மருந்து உட்கொண்டோருள் மிகுந்த அளவு பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் ஏழு வாரங்களின் முடிவில் புகையாதிருந்தனர்; வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 விழுக்காட்டினர். ஓராண்டுக்குப் பின் அவை 23 எனவும் 12 எனவும் குறைந்தன. மருந்து பெற்றவர்களிலும் ஏறத்தாழ நான்கில் மூவர் ஓராண்டுக்குப் பின் புகைப்பவர்களாகவே இருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதே 1997இல் நிறுவனத்தார் அதே பொருளுக்கு 'சைபன்' என்னும் புதுப்பெயர் சூட்டிப் புகைநிறுத்த மருந்தாக விற்கத் தொடங்கினர். உள்ளே இருந்தது ஒன்று. பெட்டியின் மேல் இரண்டு பெயர்கள். வணிகத் தந்திரம் என்று இதனைச் சிலர் பழிப்பர். எனக்கென்னவோ, மனநோய் என்னும் சொல்லுக்கு அஞ்சுவது நம் ஊர்க்காரர் மட்டுமல்லர் என்பதற்கு இது சான்றாகவே தோன்றுகிறது. வெல்புட்ரினை வாங்கக் கூசுபவர்கூடச் சைபனைக் கேட்டு வாங்கியிருப்பார்.

பின்னர் 2006இல் வரெனிக்லின் வந்தது. லபர்னம் என்னும் மரத்தில் உள்ள சைட்டிசின் என்ற பொருளைப் பின்பற்றி உருவானது அது. பல்கேரியாவில் 1964 முதலே சைட்டிசின் மாத்திரை விற்பனையில் இருந்தது. இம்மருந்து வந்த சில ஆண்டுகளில், உட்கொள்வோருக்குத் தற்கொலை எண்ணம் எழுகிறது என்ற அறிக்கைகள் பெருகின. 2009இல் வரெனிக்லின், புப்ரோப்பியன் இரண்டின் மீதும் கடும் எச்சரிக்கை பொறிக்க அமெரிக்க அரசு ஆணையிட்டது. அஞ்சியவர்களைக் குறை சொல்ல இயலாது. ஆனால் 2016இல் 16 நாடுகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு வெளியானது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநலச் சிக்கல் உடையவர்கள். வெற்று மாத்திரையைவிட இம்மருந்துகளால் மனத்தொல்லை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று அது காட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் அந்தக் கடும் எச்சரிக்கை நீக்கப்பட்டது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் இரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டிலும் காலம் நகர்ந்துள்ளது. 2019 முதல் உணவகங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்திய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குச் சிகரெட்டோ வேப்போ விற்பதைத் தடுக்கிறது.

அந்தத் தந்தையாரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: அது சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து, அதனால் அவர் நோயாளி ஆகிவிட மாட்டார். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகையை விட உதவும் பிரிவுகள் உள்ளன. எந்த மருந்து தமக்கு ஏற்றது என்பதை அங்கே கேட்கலாம். முன்பு வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மாத்திரைகள் உட்கொள்கிறோம் என்பவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். புப்ரோப்பியன் எல்லார்க்கும் ஏற்றதன்று. மருத்துவரைக் கேளாமல் இணையத்தில் வாங்கி விழுங்குவதற்கு உரியதும் அன்று.