இரண்டு அட்டைகள்

நான் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்த மூன்றாம் வருஷம், வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் முதன்முதலாகக் கட்டுரை வாசித்தேன். ஜெல்லில் படிகம் வளர்ப்பது பற்றிய ஆராய்ச்சி. கொடுத்த நேரம் 15 நிமிஷம். என் கையில் 22 பக்கம். கரும்பலகையைப் பார்த்தபடியே சமன்பாடுகளை எழுதிக்கொண்டு போனேன். தலைவர் மணி அடித்ததும் பதறிப்போய், முடிவுரையை வாசிக்காமலே இறங்கிவிட்டேன். இரண்டு வருஷம் உழைத்துக் கண்டது என்ன என்று நான் சொல்லவே இல்லை. ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மூத்த பேராசிரியர், "ஃபாரடேயைப் படிச்சிருக்கீங்களா தம்பி? மின்சாரம் இல்ல, அவர் பேசக் கத்துக்கிட்ட கதை" என்றார். மறுநாளே நூலகத்தில் தேடினேன்.

மைக்கேல் ஃபாரடே 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். எழுத, படிக்க, கணக்குப் போட என்ற அளவோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் லண்டனில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். மாலை நேர அறிவியல் சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லு வேலை செய்த அண்ணன் ராபர்ட் அதைக் கொடுத்தார்.

1812-இல், கடை வாடிக்கையாளர் ஒருவர் தயவில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கிடைத்தது. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, வீட்டில் விரித்து எழுதி, படம் வரைந்து, தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம்.

என்னை அசத்தியது அதற்கு அடுத்த செய்திதான். சேர்ந்த மூன்று மாதத்தில், நண்பர் பெஞ்சமின் அபட்டுக்குச் சொற்பொழிவுக் கலை பற்றி வரிசையாக நீண்ட கடிதங்கள் எழுதினார். அப்போது வயது 21. உதவியாளராக ஓரத்தில் நின்று, பேசுகிறவர்களோடு கேட்கிறவர்களின் முகங்களையும் கவனித்திருக்கிறார். அறையில் நல்ல காற்றோட்டம் இருக்கவேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் கவனிக்க முடியாது, வேகமாகப் பேசக்கூடாது, ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, கைத்தட்டலுக்குத் தூண்டில் போடக்கூடாது என்றெல்லாம் எழுதுகிறார். முதுகைக் காட்டி நின்ற எனக்கு ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது.

கவனித்ததோடு அவர் நிற்கவில்லை. 1816-இல் ஒரு சிறிய அறிவியல் சங்கத்தில் பேசத் தொடங்கினார். 1818-இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரின் பேச்சுக்கலை வகுப்பில் சேர்ந்து, மாணவனைப் போலப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். பிறகு பெரிய இடத்துக்கு வந்த நாளிலும், தன் உச்சரிப்புப் பிழைகளைக் குறித்துத் தரவே நண்பர் மேக்ராத்தைச் சபையில் உட்கார வைத்தார். பேசும்போது கண்ணில் படும்படி இரண்டு அட்டைகள் வைத்திருந்தார். பேச்சு வேகமெடுத்தால் 'மெதுவாக', நேரம் நெருங்கினால் 'நேரம்'.

1826-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகள் தொடங்கியதில் அவருக்கே பெரும் பங்கு. சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 முறை நடத்தினார். ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, அது எரிவதிலிருந்தே வேதியியலை விளக்கிய ஆறு சொற்பொழிவுகள் புத்தகமாகி இன்றும் அச்சில் இருக்கின்றன. கையைத் திறந்தால் கல் கீழே விழும் என்று சொல்வதானால், சொன்னதோடு நிற்காமல் கையைத் திறந்து கல்லை விழவைத்தும் காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. காதுக்குச் சொல்லும்போதே கண்ணுக்கும் காட்ட வேண்டுமாம்.

இவ்வளவு பயின்றவரை ஞாபக மறதி பிடித்துக்கொண்டது. நடுவயதிலேயே தொடங்கிய தொல்லை அது. 1862 ஜூன் 20-ஆம் தேதி, 70 வயதில், சீமென்ஸின் வாயு உலை பற்றிப் பேசினார். அதுவே அவருடைய கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு. இடையில் குறிப்புத்தாள் தீயில் கருகிப்போய்த் தடுமாறினார் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். முடிவில், தன் நினைவாற்றல் குறைந்துவிட்டது, ஒதுங்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்று தன் வாயாலேயே சபைக்குச் சொன்னார்.

அந்த வயதில் இதைப் படித்தபோது கடைசிப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போனேன். இப்போது எனக்கு 76. போன வருஷம் ஒரு பாராட்டு விழாவில், எதிரே உட்கார்ந்திருந்த என் சொந்த மாணவனின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அவனே எழுந்து சொன்னான். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இந்த மாதம் பழைய மாணவர்கள் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டார்கள். 15 நிமிஷம் போதும் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்டதை முதல் வாக்கியத்திலேயே சொல்லப்போகிறேன்: ஜெல்லின் அமிலத்தன்மையைச் சரியாக வைத்தால் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெரிதாக வளரும். இரண்டு வருஷம் நான் கண்டது அவ்வளவுதான். கூடவே ஒரு படிகத்தையும் கொண்டுபோய் எல்லோர் கையிலும் கொடுக்கப்போகிறேன். மறந்தால், மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

முன்வரிசையில் உட்காரப் போவது என் மனைவி. இரண்டு அட்டை எழுதிக் கொடுத்தேன். 'மெதுவாக' என்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அதுக்கு இனிமே அட்டை வேண்டாம், நேரத்துக்கு மட்டும் நான் காட்டுறேன்" என்றாள்.