வீடு யார் பெயரில்?

ரவாங்கில் எந்த வீட்டுத் திட்டம் வந்தாலும் விளம்பரப் பலகையில் அதே மூன்று வார்த்தைகள்தான்: வாழலாம், வேலை செய்யலாம், விளையாடலாம். பக்கத்தில் அப்பா, அம்மா, சைக்கிளில் இரண்டு பிள்ளைகள். ஏதோ நேற்றுத்தான் யாருக்கோ உதித்த யோசனை மாதிரி. ஆனால் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் அடைத்து வைத்த முதலாளிகள் இந்த வட்டாரத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள்.

ரவாங் முதலில் ஓர் ஈய ஊர். 1894இல் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் இங்கிருந்த தங்கள் சுரங்கத்தில் ஒரு மின்னாக்கியை நிறுவினார்கள். மலாயாவில் மின் உற்பத்தி பற்றிய ஆகப் பழைய பதிவு அதுதான். தம்புசாமி பிள்ளை என்றால் நமக்குப் பத்துமலை ஞாபகம் வரும், கோலாலம்பூர் மாரியம்மன் கோயில் ஞாபகம் வரும், பம்பு வராது. திறந்தவெளிச் சுரங்கத்துக்குத் தண்ணீர்தான் எதிரி. தோண்டத் தோண்ட ஊறும். ஒரு மழை போதும், குழி குளமாகிவிடும். ஓயாமல் இறைத்தால்தான் அடியில் கிடக்கும் ஈயமணலை அள்ள முடியும். இந்நாட்டுக்குள் மின்சாரம் வீட்டு விளக்குக்காக வரவில்லை, குழியில் தண்ணீர் இறைக்க வந்தது என்பது பொறியியல் படித்த எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

பிறகு ரப்பர். தோட்டத்தில் லயம், ஆயாக்கொட்டகை, கோயில், கள்ளுக்கடை, பந்து விளையாடத் திடல், எல்லாமே எல்லைக்குள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. விளம்பரப் பலகையின் மூன்று வார்த்தைகளும் நடை தூரத்தில். பெரட்டுக்கு மணியடித்தால் ஐந்து நிமிஷத்தில் போய் நின்றுவிடலாம். வீடு மட்டும் முதலாளியுடையது. வேலை போனால் வீடும் போச்சு. “தொரைய எதுத்துப் பேசுனா மூட்டைய கட்டணும்” என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான்.

பக்கத்து ஊரான பத்து ஆராங்கில் இது இன்னும் அப்பட்டம். 1915 முதல் நிலக்கரி எடுத்த கம்பெனி ஊர் அது. மலாயாவின் ரயில்கள் அந்தக் கரியில் ஓடின. 1937 மார்ச்சில் சீனத் தொழிலாளர்கள் முன்னின்று ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து, சுரங்கத்தையே கையில் எடுத்தார்கள். கரி நின்றால் ரயில் நிற்கும் என்று அரசாங்கம் ஆடிப்போய் ஆயுதப் படையை அனுப்பியது. கம்பெனி ஊரில் வேலைநிறுத்தம் செய்கிறவன் தன் வீட்டுக்காரனையும் எதிர்த்துதான் நிற்கிறான். அந்தத் துணிச்சலை நம் வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. 1960இல் சம்பந்தனின் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது. மற்றவை கைமாறி, மெல்ல மெல்ல தாமான்களாயின. லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சதுர அடிகூட உரிமை இல்லை. பலர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள்.

இன்றைய ரவாங்கில் வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. 1953இல் சிமெண்டு ஆலை வந்தது. பக்கத்துச் சுங்கை சோவிலிருந்து 1994இல் பெரோடுவாவின் கஞ்சில் கார் வந்தது. ஆனாலும் நிறைய பேர் கோலாலம்பூரில் சம்பாதித்துத்தான் இங்கே கடன் கட்டுகிறார்கள். இப்போது வீடு நம் பெயரில், வங்கிக்கு 35 வருஷம் கட்டினால். வேலை போனால் துரை வந்து விரட்ட மாட்டார், கடிதம் வரும். நடை தூரம் போய், கோமுட்டரும் நெரிசலும் வந்தன. 2017இல் திறந்த மாற்றுச்சாலை காஞ்சிங் காட்டுக்கு மேலே 58 மீட்டர் உயரத் தூண்களில் போகிறது; கீழே, அந்த வட்டாரத்தை விட்டால் வேறெங்கும் இல்லாத கியாம் காஞ்சிங் மரங்கள்.

விளையாட்டு? ஞாயிற்றுக்கிழமை டெம்ப்ளர் பூங்கா. 1952 முதல் 1954 வரை ஹை கமிஷனராக இருந்து அவசரகாலப் போரை நடத்திய ஜெரால்டு டெம்ப்ளரின் பெயர் அது. அந்த அவசரகாலத்தில்தான் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். வேலிக்குள் வளர்ந்த பாட்டிகள் இப்போது பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை நனைக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு டெம்ப்ளர் என்றால் அருவி, அவ்வளவுதான்.